பதினாலக்கா திரும்பக் கேட்ட பதில்

எங்கள் தெருவில் மொத்தம் அறுபது வீடுகள். கல்லூரியின் பின்வாசலில் தொடங்கிப் பேருந்து நிறுத்தத்தில் முடிகிற தெரு. இந்த இரண்டு விவரங்களும் சேர்ந்துதான் முப்பது வருஷமாக அந்தக் கல்லூரியின் முதுகலைச் சமூகப்பணிப் படிப்பையே நடத்திவருகின்றன என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள். நூலகத்தில் போய்ப் பாருங்கள். அநேகமாக எந்த ஆய்வேட்டை எடுத்தாலும் பேட்டி கண்டவர்களின் எண்ணிக்கை அறுபது. ஏன் அறுபது என்பதற்கு நாலு பக்கம் விளக்கம் இருக்கும், இரண்டு பெரிய அறிஞர்களின் மேற்கோள் இருக்கும். உண்மைக் காரணம் வேறு. அறுபத்தோராவது கதவு பேருந்தின் கதவு. பிள்ளைகள் அதில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அந்த அறுபதில் பதினாலாம் எண் வீட்டுக்காரியைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். தையல்காரி. முன்னறையில் ஒரு தையல் இயந்திரம், பக்கத்தில் வெட்டுமேசை, சுவரில் ஆணியில் தொங்கும் அளவு நாடா, ஒரு பிஸ்கட் டப்பா நிறைய ஜிப்புகள். பள்ளிச் சீருடை தைப்பாள், கால்சட்டையின் நீளம் குறைப்பாள், பல் போன ஜிப்பை மாற்றுவாள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. அது வங்கிப் புத்தகத்தில் மட்டும் உயிரோடிருக்கிறது. தெருவுக்கும் கல்லூரிக்கும் அவள் பதினாலக்கா.

கல்யாணமாகி அவள் இந்தத் தெருவுக்கு வந்து இருபத்தேழு வருஷம். வருஷத்துக்குப் பதினாலு மாணவர்கள், தலைக்கு நாற்பது கேள்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைத்துச் சொன்னாலும் பதினைந்தாயிரம் கேள்விக்குப் பக்கத்தில் வருகிறது. கொலை செய்தவனைக்கூட எந்த நீதிமன்றமும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. அறுபது பேரும் வேண்டாம், இருபது பேர் போதும் என்கிற ஆய்வுகளில்கூட அவள் தப்பியது கிடையாது. 'குலுக்கல் முறையில் தேர்வு செய்யப்பட்டனர்' என்று எழுதியிருப்பார்கள். எந்தக் குலுக்கலில் எப்படிக் குலுக்கினாலும் பதினாலு வரும். வராமல் எங்கே போகும்? அந்த வீட்டில்தான் மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி, கேட்காமலே குளிர்ந்த தண்ணீர். நான் எதிர்வரிசை, முப்பத்தேழாம் எண். எனக்கும் அந்தக் குலுக்கலுக்கும் ஆகாது. பிள்ளைகள் தூரத்தில் வரும்போதே நான் குளியலறைக்குள் போய்விடுவேன்.

அவளைக் கேட்டால் அந்தப் படிப்பின் வரலாற்றை வருஷவாரியாகச் சொல்வாள். அவள் வந்த புதிதில் வந்த பிள்ளைகளுக்கு எல்லாரும் எத்தனை பிள்ளை பெற்றார்கள், எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்பதுதான் கவலை. பிறகு புருஷன் குடிக்கிறானா என்று கேட்கிற காலம் வந்தது. அது ஓய்ந்ததும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து முன்னேறிவிட்டார்களா என்று கேட்டார்கள். அதற்கப்புறம் ஒரு வருஷம் மன அழுத்தம் வந்தது. அந்த வருஷம் தெருவில் பால் ஊற்றுகிறவரிலிருந்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளை வரை எல்லாருக்கும் மன அழுத்தம் இருந்ததாக ஆய்வேடு சொல்கிறது. அடுத்து செல்பேசி அடிமைத்தனம். அடுத்து முதியோர் வாழ்க்கைத் தரம். அதில் என்னைக்கூடக் கதவைத் தட்டிப் பிடித்துவிட்டார்கள். நடுவில் ஒன்றரை வருஷம் யாருமே வரவில்லை. கேள்விகள் செல்பேசியில் இணைப்பாக வந்தன. "என்னமோ தெருவே செத்துப்போன மாதிரி இருந்துச்சு. கேள்வி வருது, கேக்கிற மூஞ்சி வரல" என்பாள். இப்போது மறுபடி நேரில் வருகிறார்கள். மீண்டெழும் திறன் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

கேட்பவர்களை அவள் சும்மாவும் விடமாட்டாள்.

"அக்கா, உங்க கணவர் உங்ககிட்ட அன்பாவும் மரியாதையாவும் நடந்துக்கிறாரா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ரெண்டையும் ஒரே கட்டத்துல போட்டா நான் எதுக்கு டிக் அடிக்கிறது? அவரு அன்பானவரு. மரியாதைன்னு ஒண்ணு உலகத்துல இருக்கிறதே அவருக்குத் தெரியாது. பிரிச்சுக் கேளு, கண்ணு."

அந்தப் பெண் அங்கேயே பேனாவால் கேள்வியை இரண்டாக வெட்டினாள். அடுத்த அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷன், சரக்கு லாரி ஓட்டுகிறவர், "மரியாதைக்கும் சேர்த்து அன்புலயே போட்டுக்கம்மா" என்று குரல் கொடுத்தார்.

இன்னொன்று. கேள்விப் படிவத்தில் ஐந்து கட்டம் இருக்கும். ஒரு கோடியில் 'முழுமையாக உடன்படுகிறேன்', மறுகோடியில் 'கொஞ்சமும் உடன்படவில்லை', நட்டநடுவில் 'கருத்து இல்லை'. அந்த நடுக்கட்டத்தில் இருபத்தேழு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் டிக் போட்டதில்லை. தெருவில் மற்றவர்கள் அடுப்பில் பால் இருக்கிறது என்று நடுவில் போட்டுவிட்டு ஓடுவார்கள். அவள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு யோசிப்பாள். யோசித்து, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போவாள். "கருத்து இல்லன்னு சொல்றதுக்கா அந்தப் புள்ள வெயில்ல நடந்து வந்துச்சு?"

ஆனாலும் அவள் சொன்ன பதில்கள் எல்லாம் சட்டைக்கு மேலே நாடா பிடித்த அளவுகள்தாம். தப்பில்லை, ஆனால் உடம்பின் அளவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னது ஒரே ஒரு முறை.

அதற்கு முன்னால் அவளுடைய சின்னவளைச் சொல்ல வேண்டும். மூத்தவன் வேறு ஊரில் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்க்கிறான். சின்னவள் வெட்டுமேசைக்கு அடியில் துணித் துண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து கேள்விகளைக் கேட்டே வளர்ந்தவள். நாலு வயதில் பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, "உங்க வயசு என்ன? படிப்பு என்ன? வீட்ல எத்தன பேரு?" என்று விசாரித்தவள். போன வருஷம் அதே கல்லூரியில் முதுகலைச் சமூகப்பணிக்கு இடம் கிடைத்தது. முப்பது வருஷமாகக் கல்லூரியின் பின்வாசல் வழியாக எங்கள் தெருவுக்குக் கேள்வி வந்துகொண்டிருந்தது; எங்கள் தெருவிலிருந்து முன்வாசல் வழியாக உள்ளே போன முதல் ஆள் இவள். வாரத்தில் இரண்டு நாள் களப்பணி. நீலக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் போவதைப் பார்க்க அந்த இரண்டு நாளும் தெருவில் நாலைந்து பேர் வேண்டுமென்றே வாசல் கூட்டுவார்கள்.

இரண்டாம் வருஷம் ஆய்வேடு எழுத வேண்டும். ஒரு சாயங்காலம் சின்னவள் வெட்டுமேசையில் ஏறி உட்கார்ந்துகொண்டு தலைப்பைச் சொன்னாள்.

"நான் தெருவுக்கெல்லாம் போகப் போறதில்லம்மா. இதுவரைக்கும் பண்ணின ஆய்வையே ஆய்வு பண்ணப் போறேன். முப்பது வருஷத்துல என்ன தலைப்பு எடுத்தாங்க, யாரைக் கேட்டாங்க, எப்படி மாறியிருக்கு. மொத்தம் நானூத்திப் பன்னிரண்டு ஆய்வேடு இருக்கு. அட்டையிலிருந்து அட்டை வரைக்கும் படிக்கணும்."

"நானூத்திப் பன்னிரண்டா? கண்ணு என்னத்துக்கு ஆகும்?"

"எங்க மேடமும் அதான் சொன்னாங்க. கடைசிப் பத்து வருஷம் போதுமேன்னாங்க. ரெண்டு மூணு தடவ சொன்னாங்க. நான்தான் முடியாது, முப்பதும் வேணும்னுட்டேன். ஒரு நாளைக்கு ஆறு. இப்ப ஐஞ்சாவது வருஷத்துக்கு வந்துட்டேன்."

பதினாலக்காவின் கால் மிதியில் நின்றது. நூல் அறுந்தது. அவள் அதைக் கோக்கவில்லை.

கணக்கு அவளுக்குச் சட்டென்று வரும். துணி வெட்டுகிறவள் அல்லவா. அவள் உள்ளதைச் சொன்ன அந்த ஆய்வேடு எட்டாவது வருஷத்தது. வருஷத்துக்குப் பதினாலு ஆய்வேடு. நாளைக்கு ஆறு. ஏழு நாளில், மிஞ்சினால் எட்டு நாளில், சின்னவள் அந்தப் பக்கத்தைத் திருப்புவாள்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், தடித்த கண்ணாடி போட்ட, பேசும் முன் மூன்று தடவை கண் சிமிட்டுகிற ஒரு மாணவி வந்தாள். எதிர்பாராமல் கருவுற்ற தாய்மார்களின் மனநிலை என்று தலைப்பு. பதினாலக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். புருஷன் லாரியில் வெளியூர். மழை பெய்து தெருவே நனைந்துகிடந்த மத்தியானம். அந்தப் பெண் கேள்விப் படிவத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அக்கா, நீங்களே சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாள். அப்படி யாரும் அவளைக் கேட்டதில்லை. இரண்டு மணி நேரம் பேசினாள். அதன் சாரம் ஒரே வரி: எனக்கு இந்தப் பிள்ளை வேண்டாம்.

அந்தப் பிள்ளைதான் இப்போது வெட்டுமேசையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது.

புருஷனைப் பற்றி அவளுக்கு பயமில்லை. அவருக்கு அப்போதே தெரியும். அவர் கேட்காமலே இவள் சொல்லி, அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றிருக்கிறார். பெற்ற பெண் அதை அச்சில் படிப்பாள் என்பதுதான் பயம். மூன்று நாள் அவள் தைத்தது எல்லாம் கோணல். ஒரு சீருடைக்கு இரண்டு இடது கை வைத்துவிட்டாள்.

நாலாம் நாள் வழி பிறந்தது. அதைக் கொண்டுவந்தவளும் சின்னவள்தான். வகுப்பில் சம்மதப் படிவம் என்று ஒன்றைக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்தக் காலத்தில் அதெல்லாம் கிடையாது. தண்ணீர் குடித்தார்கள், கேட்டார்கள், போனார்கள். இப்போது பேட்டிக்கு முன்னால் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒத்திகைக்காக அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

"'உங்கள் பதில்களை எப்போது வேண்டுமானாலும், காரணம் எதுவும் கூறாமல், நீங்கள் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.'"

"இரு இரு. எப்ப வேணும்னாலும்னா, எப்ப வரைக்கும்?"

"எப்ப வேணும்னாலும்தான்மா."

"ஆறு மாசம் கழிச்சு?"

"ம்."

"ரொம்ப வருஷம் கழிச்சு?"

"ஏன்மா, யாராவது துணி தைக்கக் குடுத்துட்டு ரொம்ப வருஷம் கழிச்சா வந்து கேப்பாங்க?"

"கேப்பாங்க. ஒரு வாத்தியார் ஒம்பது வருஷம் கழிச்சு வந்து கேட்டாரு. குடுத்தேன்" என்றாள் அம்மா.

மறுநாள் சின்னவள் களப்பணிக்குப் போன பிறகு, நல்ல சேலை உடுத்தி, இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டுக் கல்லூரிக்குக் கிளம்பினாள். பின்வாசலை ஒட்டிக் குடியிருப்பவள், சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனாள். இனி நான் சொல்வது அவள் சொல்லக் கேட்டது. எங்கேயாவது கூடியிருந்தால் அது என் பங்கு.

துறை அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர் முத்திரை குத்திக்கொண்டிருந்தார்.

"என்னம்மா வேணும்?"

"பதிலைத் திரும்ப வாங்கணும்."

"என்ன பதில்?"

"நான் சொன்ன பதில். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி சொன்னது."

எழுத்தர் முத்திரையைக் கீழே வைத்தார். சேர்க்கைக்குப் படிவம் இருந்தது, விடுப்புக்கு இருந்தது, தொலைந்த அடையாள அட்டைக்கு இருந்தது, படிவம் தொலைந்தால் அதற்கும் ஒன்று இருந்தது. இதற்கு இல்லை. மேசையில் ஒவ்வொரு இழுப்பறையாகத் திறந்து தேடினார். மனிதர் பாவம், நிஜமாகவே தேடினார்.

"அப்படி ஒரு படிவமே அச்சடிக்கலையேம்மா."

"திரும்ப வாங்கிக்கலாம்னு மட்டும் அச்சடிச்சிருக்கீங்க?"

அந்தச் சத்தத்துக்கு உள்ளறைக் கதவு திறந்தது. துறைத் தலைவர் வெளியே வந்தார். கண்ணாடி மெலிசாகியிருந்தது, தலை பாதி நரைத்திருந்தது. ஆனால் ஒரு வாக்கியம் தொடங்கும் முன் மூன்று தடவை கண் சிமிட்டுகிற பழக்கம் அப்படியே இருந்தது.

பதினாலக்கா பார்த்தாள். "நீ... நீங்க, அந்தக் கண்ணாடிக்காரிதானே?"

துறைத் தலைவருக்கு நாற்பத்தைந்து வயது. அவருக்குக் கீழே ஏழு ஆசிரியர்கள். அவர் வந்தால் நடைபாதையே வாய் மூடும். அப்படிப்பட்டவர் கதவைப் பிடித்துக்கொண்டு, "வாங்கக்கா" என்றார்.

"எனக்கு என் பதில் வேணும். எம்பொண்ணு அதைப் படிக்கிறதுக்குள்ள."

"உங்க பொண்ணா?" மூன்று தடவை சிமிட்டினார். "அந்த வயித்துல இருந்த... அவளா இவ? எங்கிட்டதான்க்கா ஆய்வேடு பண்றா. முகவரியப் பார்க்கும்போதே மனசுல ஏதோ தட்டுச்சு. பத்து வருஷம் போதும்மான்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"சொன்னா. நீங்க எதுக்கு அப்படிச் சொன்னீங்கன்னு இப்பத்தான புரியுது."

ஆய்வேட்டறை மாடியில் இருந்தது. உள்ளே போனதும் பதினாலக்கா பேச்சை மறந்து நின்றுவிட்டாள். தரையிலிருந்து கூரை வரை அலமாரிகள். முதல் சில வருஷங்கள் கறுப்பு அட்டை, பிறகு கருநீலம், பிறகு அரக்கு. ஒவ்வொரு முதுகிலும் தங்க எழுத்தில் ஒரு தலைப்பு. குடி, கடன், பிள்ளைப்பேறு, முதுமை, தனிமை. அறுபது வீட்டுச் சனங்கள் வாசலில் நின்று, அடுப்பை அணைத்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே சொன்னதெல்லாம் இங்கே அடுக்கியிருந்தது. அரசர்களுக்குக்கூட ஒருவர் இருவர்தான் வாழ்க்கை வரலாறு எழுதினார்கள். எங்கள் தெருவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர்.

"இவ்வளவுமா நாங்க?" என்றாள்.

"இவ்வளவும் நீங்கதான்க்கா."

துறைத் தலைவர் பட்டியலைப் பார்க்கவில்லை. நேரே போய், குனிந்து, கீழ்த்தட்டில் கறுப்பும் நீலமும் சந்திக்கிற இடத்தில் கை வைத்து ஒன்றை உருவினார். அதைப் பிரித்தார். பக்கத்தை விரலால் காட்டிவிட்டு, தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினாலக்கா எழுத்துக் கூட்டுகிறவள் இல்லை. பள்ளி இறுதிவரை படித்தவள். ஆனாலும் அந்தப் பத்தியை மூன்று முறை படித்தாள். 'எண் பதினான்கு. வயது இருபத்தாறு. தையல் தொழில். ஒரு குழந்தை உண்டு. இரண்டாம் முறையாகக் கருவுற்றிருக்கிறார். அமைதியான சுபாவம். எதிர்பாராத இந்தக் கருவைக் குறித்த மனநிலை: கருத்து இல்லை.'

அவ்வளவுதான். அவள் பயந்த வரி அங்கே இல்லவே இல்லை. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? ஏட்டை மூடி, ஒரு கும்பிடு போட்டு, போகிற வழியில் இனிப்பு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்போம். சின்னவள் நூறு தடவை படித்தாலும் அந்தப் பக்கத்தில் அவளைக் குத்த ஒன்றுமில்லை.

"கருத்து இல்லையா?" என்றாள் பதினாலக்கா. "எனக்கா?"

துறைத் தலைவர் ஜன்னல் கொக்கியை மாட்டிக் கழற்றினார்.

"அமைதியான சுபாவமா? யாரு? ரெண்டு மணி நேரம் பேசினேனே! என் ஆயுசுல ஒரே ஒரு தடவ உள்ளதைச் சொன்னேன். அதைக் கொண்டுபோய் நடுக்கட்டத்துல போட்டு மூடிட்டியா?"

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருமே கவனிக்கவில்லை.

"சொன்னது சொன்னபடி ஒன்பது பக்கம் எழுதினேன்க்கா" என்றார் துறைத் தலைவர். "தட்டச்சுக்குக் குடுக்கப் போறப்பதான் தோணுச்சு. இந்தப் பிள்ளை பொறந்து, வளர்ந்து, ஒருநாள் இதைப் படிச்சா? வரிசையில நின்னுக்கிட்டே கிழிச்சேன். நடுவுல ஒரு டிக் போட்டேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணினேன்."

"யாருக்கு நல்லது?"

அவர் இந்தப் பக்கம் திரும்பினார். "எனக்குத்தான் போலிருக்கு. வருஷா வருஷம் முதல் வகுப்புல, சனங்க சொன்னதுல ஒரு சொல்லையும் மாத்தக் கூடாதுன்னு பசங்களுக்குச் சொல்றேன். சொல்லும்போது இந்த அறை இருக்கிற பக்கம் பார்க்க மாட்டேன்."

பதினாலக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "பேனா எடு."

"அக்கா, நீங்க பதிலை எடுக்கத்தானே வந்தீங்க?"

"எடுக்கத்தான் வந்தேன். இல்லாததை எங்கிருந்து எடுக்கிறது? முதல்ல போடு. போட்டப்புறம் எடுக்கலாமா வேணாமான்னு நான் யோசிக்கிறேன்."

துறைத் தலைவர் மேசையில் தாளை வைத்துக் குனிந்தார். பதினாலக்கா சொல்லச் சொல்ல எழுதினார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய பதில் ஒரு சொல் கலையாமல் அவளிடம் இருந்தது. எனக்கு இந்தப் பிள்ளை வேண்டாம். பெரிய துணி ஆலையில் கோட்டு வெட்டப் பயிற்சிக்கு எனக்குக் கடிதம் வந்திருந்தது. இருபத்துநாலு வாரம். நூற்றெழுபது பேர் எழுதிப் போட்டதில் ஒன்பது பேரை எடுத்தார்கள், நான் ஒருத்தி. மூத்தவனை என் அம்மா பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். புறப்பட ஐந்து வாரம் இருக்கும்போது இது தெரிந்தது. எல்லாரும் மகிழ்ச்சியா என்று கேட்கிறார்கள், நான் ஆமாம் என்கிறேன். மகிழ்ச்சி இல்லை. கோபமாக இருக்கிறேன். யார் மேல் என்று தெரியவில்லை.

எழுதி முடித்துத் துறைத் தலைவர் நிமிர்ந்தார். "இப்ப சொல்லுங்க. எடுத்துடலாமா?"

அவள் தாளை வாங்கிப் படித்தாள். தான் தைத்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதுபோல் ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள்.

"ஒட்டு."

"ஒட்டினா அவ படிப்பாக்கா."

"தெரியும்."

"பதில் மாற்றி எழுதப்பட்டதுன்னு என் பேரைப் போட்டு அவ ஆய்வேட்டுல எழுதுவா. எழுதித்தான் ஆகணும். நான்தான் அப்படிச் சொல்லிக்குடுத்திருக்கேன்."

"எழுதட்டும். சரியாத்தான சொல்லிக்குடுத்திருக்க."

துறைத் தலைவர் தாளின் தலையில் 'பிழை திருத்தம்' என்று எழுதினார். கீழே தன் முழுப் பெயர், பதவி, தேதி. எழுத்தரைக் கூப்பிட்டு முத்திரை போடச் சொன்னார். எழுத்தர் படித்துப் பார்த்துவிட்டு, மை நன்றாகத் தோய்த்து, கோணாமல் குத்தினார். பசை காயும்வரை மூவரும் நின்றார்கள். பெரிய பெரிய ஒப்பந்தங்கள் கையெழுத்தான அறைகளில்கூட அப்படியொரு அமைதி இருந்திருக்காது.

மூன்றாம் நாள் சின்னவள் அந்தப் பக்கத்துக்கு வந்துசேர்ந்தாள். அது வீட்டுக்குள் நுழையும்போதே தெரிந்தது. செருப்பைக் கழற்றாமல் சமையலறை வரை போய்விட்டாள். அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம் என்றாள். மறுநாள் "ம்" என்று மட்டும் பேசினாள். அதற்கு மறுநாள் அதுவும் இல்லை. லாரிக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வண்டிக்கு வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். வண்டிக்கு ஒரு வேலையும் இல்லை, வாசலில்தான் நின்றது, அவர் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தார். பதினாலக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்கப்பட்டே பழகியவள், கேட்கத் தெரியவில்லை. இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னவள் வந்து வெட்டுமேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே எம்மேல உனக்கு ஒரு கருத்து இருந்திருக்கு."

"உம்மேல இல்லடி. உன்னை எனக்கு அப்ப தெரியவே தெரியாது. தெரியாதவங்க மேல எப்படிக் கருத்து வைக்கிறது? எல்லாம் வயித்து மேலதான்."

சின்னவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் போய் அழுகை வந்தது. இரண்டையும் துணித் துண்டு ஒன்றில் துடைத்துக்கொண்டாள். அம்மா எழுந்திருக்கவில்லை. மிதியிலிருந்து காலை மட்டும் எடுத்தாள்.

"தெரிஞ்சப்புறம்?" என்று கேட்டாள் சின்னவள்.

"தெரிஞ்சப்புறம் என்ன. விட முடியல."

சின்னவள் கீழே கிடந்த துணித் துண்டுகளைப் பொறுக்கி மேசையில் போட்டாள். நான் எதிரே என் ஜன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன்.

பிறகு சின்னவள் கேட்டாள். நானூற்றுப் பன்னிரண்டு ஆய்வேட்டில் ஒருவரும் கேட்காத கேள்வி.

"அந்த இருபத்துநாலு வாரத்துல என்னதாம்மா சொல்லிக்குடுத்திருப்பாங்க?"

பதினாலக்கா மூச்சே விடாமல் சொன்னாள். "முதல் வாரம் கத்தரி, காகிதம். ரெண்டாவது வாரம் முதுகும் முன்பக்கமும். மூணாவது வாரம் காலர். நாலாவது வாரம் கோட்டுக் கை, ரெண்டு துண்டா வெட்டிச் சேர்க்கிறது. ஐஞ்சாவது உள்துணி..." இருபத்துநாலு வாரமும் வரிசையாக வந்தது. கடிதத்தோடு ஒரு தாள் இணைத்திருந்தார்களாம், வாரம் வாரமாகத் தலைப்பு மட்டும். "தலைப்புதான் தெரியும். பாடம் தெரியாது. அது ஒவ்வொண்ணா நானே கண்டுபிடிச்சேன். நீங்க ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் போனப்புறம், பழைய காகிதத்துல."

"எங்களுக்குத் தெரியவே தெரியாதே!"

"அடுப்புல போட்டுடுவேன்ல."

இருபத்திரண்டு வருஷமாக எதிர்வீட்டில் இருக்கிறேன், அந்த வீட்டில் எத்தனை மணிக்குக் குக்கர் கத்தும் என்பது எனக்குத் தெரியும், இது தெரியாது. எங்கள் தெருவில் கோட்டுப் போடுகிற ஆளே கிடையாது. எந்த ஆசிரியரும் இல்லாமல், வெறும் இருபத்துநாலு தலைப்பை வைத்துக்கொண்டு, ஒருத்தி தன் வீட்டு முன்னறையில் ஒரு முழுப் படிப்பையும் ஒற்றை ஆளாகக் கட்டியிருக்கிறாள். துடைக்கிற துணியைக் கீழே வைத்துவிட்டேன்.

அவள் ஒரு பழைய செய்தித்தாளை மேசையில் விரித்தாள். சுண்ணக்கட்டியால் இரண்டு வளைவு போட்டாள். அளவு நாடா ஆணியிலேயே தொங்கியது. கத்தரி ஒரே ஓட்டமாக ஓடியது. இரண்டு துண்டையும் ஊசி குத்திச் சேர்த்து, "கையை நீட்டு" என்றாள்.

சின்னவள் நீட்டினாள். காகிதக் கை தோளில் போய் உட்கார்ந்தது, அவளுக்கென்றே அளவெடுத்த மாதிரி.

"மடக்கு. இப்ப மேல தூக்கு. தோள்ல இழுக்குதா?"

"இழுக்கலம்மா. கொஞ்சம்கூட இழுக்கல."

"அதான் நாலாவது வாரம்" என்றாள் பதினாலக்கா.